பீற்றூட், உருளைக்கிழங்கு, ஜீவனி: கலத்துக்குள் பொருள்கள் போய்வரும் வழியை வீட்டிலேயே பார்ப்பது எப்படி

இரணைமடுக் குளத்தின் கீழ் வயல் செய்கிறவருக்குத் தண்ணீர் தானாக வரும். துருசைத் திறந்தால் போதும், வாய்க்கால் வழியே பள்ளம் பார்த்து இறங்கிவிடும். மேட்டுக்காணியில் கச்சான் போட்டவருக்கு அந்தப் பாக்கியம் இல்லை. கிணற்றில் மெசின் பூட்டி இறைக்க வேண்டும். மண்ணெண்ணெய் தீர்ந்தால் தண்ணீரும் நின்றுவிடும். உயிருள்ள கலம் ஒவ்வொன்றும் இந்த இரண்டு வேலையையும் நாள் முழுக்கச் செய்துகொண்டிருக்கிறது. சில பொருள்கள் சரிவு பார்த்துச் சும்மா போய்வரும். சிலவற்றைச் செலவழித்துத்தான் ஏற்ற வேண்டும்.

பரவல், பிரசாரணம், உயிர்ப்பான கடத்தல் என்று மூன்று வரைவிலக்கணங்களைப் பாடமாக்கிக்கொண்டு வரும் பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "இதுக்கு மண்ணெண்ணெய் ஆர் ஊத்துறது?" அந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டால் இந்தப் பாடத்தில் பாதி தீர்ந்துவிடும். ஏ.எல். உயிரியல் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கும், ஓ.எல். படிக்கும் பிள்ளைக்கு அருகில் இருந்து சொல்லிக்கொடுக்க வேண்டிய பெற்றோருக்கும் இதை எழுதுகிறேன்.

ஒரு பீற்றூட், இரண்டு உருளைக்கிழங்கு, உப்பு, சீனி, ஒரு ரீ பாக், காயம் துடைக்கும் ஸ்பிரிற் கொஞ்சம், நாலைந்து கண்ணாடிக் கிளாஸ், அடிமட்டம், கத்தி. இவ்வளவும் இருந்தால் ஒரு பின்னேரத்தில் முடிக்கலாம். இணையத்தில் தேடுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். நாங்கள் கலம் என்பதைத் தமிழ்நாட்டில் செல் என்பார்கள். எங்கள் பிரசாரணம் அங்கே சவ்வூடு பரவல். பொருள் ஒன்றுதான்.

முதலில் வேலியைப் பாருங்கள்

பீற்றூட்டைத் தோல் சீவி, ஒரு சென்ரிமீற்றர் அளவில் சதுரத் துண்டுகளாக வெட்டுங்கள். வெட்டியதும் கிளாஸில் போட்டுவிடாதீர்கள். கத்தி பட்ட இடத்தில் கலங்கள் கிழிந்து சாயம் வடியும். கழுவும் தண்ணீர் தெளிவாகும் வரை ஐந்தாறு தடவை அலசுங்கள். இந்தப் பொறுமை இல்லாமல் செய்துவிட்டு "ரீச்சர், எல்லாக் கிளாஸும் சிவப்பு" என்று வருகிறவர்கள் ஒவ்வொரு வருடமும் உண்டு.

இனி மூன்று கிளாஸ். ஒன்றில் பச்சைத் தண்ணீர், ஒன்றில் கொதித்து இறக்கிய தண்ணீர், ஒன்றில் காயம் துடைக்கும் ஸ்பிரிற். ஸ்பிரிற்றை அடுப்புக்கு அருகில் வைக்காதீர்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு துண்டு போட்டு இருபது நிமிடம் விடுங்கள். பச்சைத் தண்ணீர் ஏறக்குறையத் தெளிவாகவே இருக்கும். சுடுதண்ணீர் நன்றாகச் சிவந்துவிடும். ஸ்பிரிற்றிலும் சாயம் இறங்கியிருக்கும்.

பீற்றூட்டின் சாயம் கலத்தின் நடுவில் உள்ள புன்வெற்றிடம் என்ற சாற்றுப் பைக்குள் இருக்கிறது. வெளியே வர அது அந்தப் பையைச் சுற்றி ஒன்று, கலத்தைச் சுற்றி ஒன்று என இரண்டு மென்சவ்வுகளைத் தாண்ட வேண்டும். அவை நன்றாக இருக்கும் வரை சாயம் உள்ளேயே அடைபட்டுக் கிடக்கும். சூடு மென்சவ்வைக் குலைக்கிறது, ஸ்பிரிற் அதன் கொழுப்பைக் கலைக்கிறது. வேலி விழுந்தால் மாடு வெளியே வரும் என்பது எங்களுக்குப் புதிதல்ல.

அந்த வேலியின் தடிப்பு ஏழெட்டு நனோமீற்றர். ஒரு மில்லிமீற்றருக்குள் ஒரு இலட்சத்துக்கு மேல் அடுக்கலாம். அது இரண்டு படை கொழுப்பால் ஆனது என்று 1925இல் கோர்ட்டர், கிரெண்டல் என்ற இரண்டு ஒல்லாந்து ஆய்வாளர்கள் சொன்னார்கள். செங்குருதிக் கலங்களின் கொழுப்பைப் பிரித்தெடுத்துத் தண்ணீர் மேல் ஒற்றைப் படையாக விரித்தார்கள். விரிந்த பரப்பு, கலங்களின் மேற்பரப்பைப் போல இரண்டு மடங்கு வந்தது. வேடிக்கை என்னவென்றால், அவர்கள் கொழுப்பை முழுதாகப் பிரித்தெடுக்கவில்லை. கலத்தின் மேற்பரப்பையும் குறைத்தே கணக்கிட்டிருந்தார்கள். இரண்டு பிழையும் ஒன்றையொன்று வெட்டிச் சரியான விடையைத் தந்துவிட்டன. சோதனை மண்டபத்தில் இந்த அதிர்ஷ்டத்தை நம்ப வேண்டாம்.

ஒட்சிசன், காபனீரொட்சைட்டு போன்ற சிறிய, ஏற்றமில்லாத மூலக்கூறுகள் கொழுப்பு வேலிக்குள்ளால் நழுவிப் போய்விடும். தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். சீனியும் உப்பின் அயன்களும் தாமாகப் போக முடியாது. அவற்றுக்கு வாசல் வேண்டும்.

பரவல்: இது சின்ன வேலை

ஆடாமல் வைத்த தண்ணீரில் ஒரு ரீ பாக்கை மெதுவாக இறக்கிவிட்டு, கலக்காமல் பார்த்துக்கொண்டிருங்கள். கூடின இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குச் சாயம் நகரும். செலவு இல்லை.

ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள். தூரம் பத்து மடங்கானால் பரவலுக்கு எடுக்கும் நேரம் நூறு மடங்காகும். குளுக்கோசு போன்ற ஒரு மூலக்கூறு 10 மைக்ரோமீற்றர் போக ஒரு செக்கனில் பத்தில் ஒரு பங்கு போதும். ஒரு மில்லிமீற்றர் போகக் கால் மணிநேரம் அளவில் எடுக்கும். ஒரு சென்ரிமீற்றருக்கு ஏறக்குறைய ஒரு நாள். கலங்கள் ஏன் இவ்வளவு சின்னதாக இருக்கின்றன, எங்களுக்கு ஏன் இதயமும் குருதிக்குழாயும் வேண்டும் என்ற இரண்டு கேள்விக்கும் பதில் இந்தக் கணக்கில் இருக்கிறது.

பிரசாரணம்: உருளைக்கிழங்கை அளந்து பாருங்கள்

இதற்கு நேரம் கொடுங்கள். தோல் சீவிய கிழங்கிலிருந்து ஐந்து சென்ரிமீற்றர் நீளத்தில், விரல் தடிப்பில், ஒரே அளவாக மூன்று துண்டு வெட்டுங்கள். ஒன்றைப் பச்சைத் தண்ணீரில் போடுங்கள். இன்னொன்றை, ஒரு மேசைக்கரண்டி உப்பு கரைத்த ஒரு கிளாஸ் தண்ணீரில் போடுங்கள். மூன்றாவதை ஐந்து நிமிடம் அவித்து, ஆறவிட்டு, அளந்து, பச்சைத் தண்ணீரில் போடுங்கள். இரண்டு மணிநேரம் கழித்து எடுத்து, துடைத்து, திரும்ப அளவுங்கள். கையால் வளைத்தும் பாருங்கள்.

பச்சைத் தண்ணீர்த் துண்டு விறைத்து நிற்கும்; வளைத்தால் டக்கென்று முறியும்; நீளமும் ஓரிரு மில்லிமீற்றர் கூடியிருக்கலாம். உப்புத் தண்ணீர்த் துண்டு சுருங்கி, துவண்டுபோய், விரலைச் சுற்றி வளையும் அளவுக்கு வந்துவிடும். அவித்த துண்டு விறைக்கவே விறைக்காது. அதன் மென்சவ்வுகள் செத்துவிட்டன. வேலி இல்லாத காணியில் உள்பக்கம், வெளிப்பக்கம் என்ற பேச்சே இல்லை.

கரைந்த பொருள் குறைந்த பக்கத்திலிருந்து கூடின பக்கத்துக்கு, மென்சவ்வுக்கு ஊடாகத் தண்ணீர் நகர்வதுதான் பிரசாரணம். இங்கேயும் எரிபொருள் செலவு இல்லை. பாவற்காய்க்கு உப்புப் பிரட்டிப் பிழியும்போதும், மீனைக் கருவாடு போடும்போதும் கலத்துக்குள்ளிருந்து தண்ணீரை இழுப்பது இதுவே.

கரையோரத்தில், பூநகரிப் பக்கம் இருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. உங்கள் கிணற்றுத் தண்ணீர் உவராக இருந்தால் "பச்சைத் தண்ணீர்" என்று நீங்கள் போட்டதே அரை உப்புத் தண்ணீராக இருக்கும். கிழங்கு சரியாக விறைக்காது. மழைத் தண்ணீரோ உப்பு நீக்கிய ஆர்.ஓ. தண்ணீரோ பாவியுங்கள்.

பாடசாலையில் நுணுக்குக்காட்டி கிடைத்தால் ரியோ இலையை விடாதீர்கள். அதன் அடிப்பக்க ஊதாத் தோலை உரித்து, முதலில் ஒரு துளி தண்ணீரில் வைத்துப் பாருங்கள். கலங்கள் நிறைய ஊதா இருக்கும். பிறகு கடும் சீனிக் கரைசலை ஓரத்தால் விட்டு, மறுபக்கம் வடிதாளால் உறிஞ்சுங்கள். சில நிமிடங்களில் ஊதா நிறம் கலச்சுவரை விட்டு விலகி நடுவில் சுருங்கி நிற்கும். இதுதான் முதலுருச் சுருக்கம். திரும்பத் தண்ணீர் விட்டால் மெல்ல விரியும். இதை ஒரு தடவை கண்ணால் கண்ட பிள்ளைக்கு வரைவிலக்கணம் தேவைப்படாது. கண்ணாடி பூட்டிய பழைய நுணுக்குக்காட்டி என்றால் கண்ணாடியை வெளிச்சமான வானத்துக்குத் திருப்புங்கள். சூரியனுக்கு நேரே திருப்ப வேண்டாம், கண் போய்விடும்.

தாவரக் கலம் எவ்வளவு தண்ணீர் குடித்தாலும் வெடிக்காது, சுற்றிவரச் சுவர் இருக்கிறது. எங்கள் செங்குருதிக் கலத்துக்குச் சுவர் இல்லை. தனித் தண்ணீரில் விட்டால் வீங்கி வெடித்துவிடும். ஆஸ்பத்திரியில் ஏற்றும் சேலைன் லீற்றருக்கு 9 கிராம் உப்பு என்று இருப்பது அதனால்தான். கலம் வீங்கவும் கூடாது, சுருங்கவும் கூடாது.

இதையெல்லாம் படிப்பித்துக்கொண்டிருந்த காலத்திலேயே நான் ஒரு கூத்து அடித்தேன். வீட்டு மிளகாய்க் கன்றுகள் மெலிந்து நிற்கின்றனவே என்று யூரியாவை ஒரு கைப்பிடி அடியிலேயே போட்டு, கொஞ்சமாகத் தண்ணீர் விட்டேன். இரண்டு நாளில் இலையின் ஓரமெல்லாம் கருகிவிட்டது. வேரைச் சுற்றிக் கடும் கரைசலை நானே கரைத்து வைத்து, வேருக்குள் இருந்த தண்ணீரை வெளியே இழுத்திருக்கிறேன். பக்கத்துக் காணி ஐயா எட்டிப் பார்த்துவிட்டு, "பிள்ளை, உரம் போட்டால் தண்ணி கட்டோணும்" என்றார். அவர் பிரசாரணம் படித்தவரல்ல.

இன்னொரு பொறி உளுந்தில் இருக்கிறது. தோசைக்கு ஊறப்போட்ட உளுந்து பெருப்பது பிரசாரணம் என்று பலர் எழுதுகிறார்கள். காய்ந்த விதையின் மாப்பொருளும் புரதமும் தண்ணீரை உறிஞ்சிப் பெருப்பதற்கு மென்சவ்வு தேவையில்லை. செத்த விதையும் அப்படியே பெருக்கும். அதற்கு உட்கொள்ளுகை என்று தனிப்பெயர் உண்டு.

வாசல்கள்

தண்ணீர் கொழுப்பு வேலிக்குள்ளால் கொஞ்சமாகத்தான் போகும் என்றேன். ஆனால் செங்குருதிக் கலத்திலும் சிறுநீரகத்திலும் அது மிக வேகமாகப் போகிறது. ஏதோ ஒரு துருசு இருக்க வேண்டும் என்று ஆய்வாளர்களுக்கு வெகுகாலமாகச் சந்தேகம், ஆனால் ஆளைப் பிடிக்க முடியவில்லை. அமெரிக்கரான பீற்றர் அக்ரே வேறொன்றைத் தேடிக்கொண்டிருந்தார். குருதி வகையோடு தொடர்புள்ள றீசஸ் புரதத்தைப் பிரிக்கும்போது, கூடவே ஒரு தெரியாத புரதம் வந்து சேர்ந்தது. அது என்ன செய்கிறது என்று பார்க்க, அதன் செய்முறைக் குறிப்பைத் தவளை முட்டைக்குள் செலுத்தினார்கள். தவளை முட்டை நல்ல தண்ணீரில் சும்மா கிடக்கும். செலுத்திய முட்டைகளோ வீங்கி வெடித்தன. 1992இல் வெளிவந்த வேலை இது. அந்தப் புரதத்துக்கு அக்குவாபோரின் என்று பெயர். 2003இல் அக்ரேக்கு இரசாயனவியல் நோபல் பரிசு கிடைத்தது. அயன் வாசல்களின் அமைப்பைக் கண்ட ரொடெரிக் மக்கினனும் அதில் பங்காளி.

குளுக்கோசுக்கு வேறு விதமான வாசல். அதன் காவல் புரதம் ஒரு மூலக்கூறைப் பிடித்து, தன் வடிவத்தை மாற்றி, மறுபக்கம் விடும். எவ்வளவு கூட்டம் வந்தாலும் ஒரு அளவுக்கு மேல் வேகம் கூடாது. வாசல் எவ்வகையாக இருந்தாலும் ஒன்றைப் பாருங்கள்: போவது சரிவு பார்த்தா? அப்படியென்றால் கூலி இல்லை. துருசு திறப்பது தண்ணீரைத் தள்ளுவதற்குச் சமமில்லை.

மெசின் பூட்டி இறைப்பது

சரி, இனிச் செலவுக் கணக்கு, அதாவது உயிர்ப்பான கடத்தல். இதைச் சமையலறையில் காட்ட முடியாது. டென்மார்க்கில் ஜென்ஸ் ஸ்கூ என்பவர் நண்டின் காலிலிருந்து நரம்பை எடுத்துத்தான் கண்டுபிடித்தார். 1957இல் அதை வெளியிட்டார். நோபல் பரிசு கிடைத்தது 1997இல், நாற்பது வருடம் கழித்து. நந்திக்கடல் நண்டை நாங்கள் குழம்பு வைத்ததோடு சரி.

அவர் கண்டது சோடியம் பொற்றாசியப் பம்பி. கலத்தின் மண்ணெண்ணெயான ஏ.ரீ.பீ. மூலக்கூறு ஒன்றை எரித்து மூன்று சோடியத்தை வெளியே தள்ளி, இரண்டு பொற்றாசியத்தை உள்ளே எடுக்கும். வெளியே சோடியம் ஏற்கெனவே கூட, உள்ளே பொற்றாசியம் ஏற்கெனவே கூட. இரண்டுமே மேடேறும் வேலை. நாங்கள் சும்மா படுத்திருக்கும்போது உடம்பு செலவழிக்கும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கு அளவு இந்தப் பம்பிக்கே போகிறது.

எரிபொருள் நின்றால் என்ன ஆகும் என்பதை எங்கள் வயலில் பார்க்கலாம். கார்த்திகை மழையில் உளுந்துக் காணியில் தண்ணீர் நாலைந்து நாள் நின்றால் செடி மஞ்சளடித்து வாடும். வேர் தண்ணீருக்குள் நிற்கிறது, செடி வாடுகிறது! தேங்கிய தண்ணீரில் வேருக்கு ஒட்சிசன் போதாது. ஒட்சிசன் இல்லாமல் ஏ.ரீ.பீ. குறைந்துவிடும், ஏ.ரீ.பீ. இல்லாமல் நைத்திரேற்று, பொற்றாசியம் போன்றவற்றை மண்ணிலிருந்து ஏற்றும் பம்பிகள் ஓடா. வேரின் தண்ணீர் வாசல்களும் அடைபட்டுப்போகும். பக்கத்து வயலில் நெல் அதே தண்ணீரில் பச்சையாக நிற்கும், ஏனென்றால் நெல்லுக்கு இலையிலிருந்து வேர் வரை காற்றுப் போகும் குழாய் வழிகள் உண்டு. வடிகால் வெட்டுவது வேருக்கு மூச்சு விடுவதற்காக.

பம்பியாலும் தூக்க முடியாத பெரிய சாமான்களை, கிருமி போன்றவற்றை, சில கலங்கள் மென்சவ்வாலேயே சுற்றி விழுங்கும். வெளியே விட வேண்டியதைச் சிறு பை கட்டித் துப்பும். இதற்கும் செலவு உண்டு. புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இப்போதைக்கு இவ்வளவு போதும்.

எல்லாம் ஒன்றுசேருவது ஒரு ஜீவனிப் பொதிக்குள்

வயிற்றோட்டம் வந்தால் ஜீவனி கரைத்துக் கொடு என்பது எல்லா வீட்டுக்கும் தெரியும். உப்புத்தானே, ஏன் கூடச் சீனி என்று கேட்டால் "தெம்புக்கு" என்பார்கள். அது காரணமில்லை.

குடலின் உள்வரிக் கலத்தில் ஒரு வாசல் இருக்கிறது. இரண்டு சோடியமும் ஒரு குளுக்கோசும் சேர்ந்து வந்தால்தான் அது உள்ளே விடும். சோடியம் சரிவு பார்த்து ஓடிவரும்போது குளுக்கோசையும் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு வருகிறது. இந்தச் சோடி வாசலை 1960இல் றொபேட் கிரேன் சொன்னார். அந்தச் சரிவை உண்டாக்கி வைத்திருப்பது யார்? கலத்தின் மறுபக்கம் ஓயாமல் சோடியத்தை இறைத்துக்கொண்டிருக்கும் ஸ்கூவின் பம்பி. உப்பும் குளுக்கோசும் உள்ளே போனதும் தண்ணீர் பின்னால் போகும், அது பிரசாரணம். பம்பி, சோடி வாசல், பிரசாரணம் எல்லாம் ஒரு மிடறில்.

கொலரா நஞ்சு குடல் கலத்தின் குளோரைட்டு வாசலைத் திறந்தபடியே வைத்துவிடும். குளோரைட்டு வெளியே கொட்டும், பின்னால் தண்ணீரும் கொட்டும். ஆனால் சோடி வாசலுக்கு ஒன்றும் ஆகாது. ஒரு பக்கம் கலிங்கு பாய்ந்தாலும் மறுபக்கம் வாய்க்கால் திறந்திருக்கிறது. 1971இல் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து ஓடிவந்த மக்கள் மேற்கு வங்கத்தில் பொங்காவ் என்ற இடத்து முகாமில் கொலராவில் விழுந்துகொண்டிருந்தார்கள். ஏற்றுவதற்குச் சேலைன் தீர்ந்துவந்தது. திலிப் மகலானபிஸ் என்ற வைத்தியர் உப்பையும் குளுக்கோசையும் கரைத்துப் பீப்பாய்களில் நிரப்பி, நோயாளிகளின் சொந்தக்காரர்களைக் கொண்டே கோப்பையில் குடிக்கக் கொடுக்கவைத்தார். முப்பது வீதத்தை எட்டிய சாவு 3.6 வீதமாக இறங்கியது. முகாமில் தண்ணீருக்கு வரிசையில் நின்றவர்கள் எங்களிடமும் இருக்கிறார்கள். அந்த எண்ணின் பெறுமதியை அவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

ஜீவனியைப் பொதியில் எழுதிய அளவு தண்ணீரில், கொதித்தாறிய தண்ணீரில், முழுப் பொதியாகக் கரையுங்கள். பாதிப் பொதியைக் கண் மதிப்பில் கரைக்க வேண்டாம். பொதி இல்லாவிட்டால் ஒரு லீற்றர் தண்ணீருக்கு மட்டமாக ஆறு தேக்கரண்டி சீனியும் அரைத் தேக்கரண்டி உப்பும். சீனியைக் குடல் உடைத்துக் குளுக்கோசு ஆக்கிக்கொள்ளும். கூடப் போட்டால் கூட நல்லது என்ற கணக்கு இங்கே செல்லாது: உப்போ சீனியோ கூடினால் குடலுக்குள் கடும் கரைசலாகி, உருளைக்கிழங்குக்கு நடந்ததுதான் பிள்ளைக்கும் நடக்கும். போத்தல் சோடா கொடுக்க வேண்டாம் என்று சொல்வதும் அதனால்தான், அதில் சீனி அவ்வளவு. கரைத்ததை ஒரு நாளுக்கு மேல் வைத்திருக்க வேண்டாம். பிள்ளை சோர்ந்து கிடந்தாலோ, குடிக்க மறுத்தாலோ, இரத்தம் போனாலோ, கைக்குழந்தை என்றாலோ வீட்டில் மினக்கெடாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

கடைசியாக, உங்கள் கிராமத்து ஆர்.ஓ. தண்ணீர் நிலையத்துக்கு ஒரு நடை போய்வாருங்கள். அங்கே உவர் தண்ணீரைப் பம்பி அமுக்கி, மென்சவ்வுக்கு ஊடாக நல்ல பக்கத்துக்குத் தள்ளுகிறது. தண்ணீர் தானாகப் போகும் திசைக்கு நேர் எதிர்த் திசை. பிள்ளைகளிடம் கேட்டால் செலவு இருக்கிறதே என்று உயிர்ப்பான கடத்தல் என்பார்கள். அந்த மென்சவ்வு பிளாஸ்ரிக், உயிரில்லை. செலவு மின்சார பில்லில் வருகிறது. அங்கே மிஞ்சி வெளியேறும் தண்ணீரில் உப்பு, கிணற்றுத் தண்ணீரைவிடக் கூடுதலாக இருக்கும். வீணாகப் போகிறதே என்று வாளியில் அள்ளிவந்து கத்தரிக்கு ஊற்றிவிடாதீர்கள். மலசலகூடம் கழுவ அது நல்லது.